பயனர் என்பவர் யார்?

விமர்சனம் என்பது கதைக்கும் கவிதைக்கும் மட்டுமே உரியது என்று கருதுவோர் எம்மிடையே இன்னும் உளர். ஆயின் ஒரு சமுதாயத்தில் மிகப் பலரின் வாழ்வைத் தீர்மானிக்கும் எழுத்துக்கள் கதைகளுமல்ல, கவிதைகளுமல்ல. சுற்றறிக்கைகள், விண்ணப்பப் படிவங்கள், ஒழுங்குவிதிகள் என்பனவே அவை. இவற்றை எவரும் இலக்கியமாக வாசிப்பதில்லை, பெரும்பாலும் வாசிப்பதேயில்லை. கீழே கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறோம். அவ்வகை எழுத்துக்களுள் ஒன்றை, பல்கலைக்கழகங்கள் தம் மாணவர் கையிலே கொடுக்கும் தகவல் தொழில்நுட்பப் பயன்பாட்டு, பாதுகாப்புக் கொள்கையை, ஓர் இலக்கியப் பிரதியை அணுகுவது போல் அணுகிப் பார்க்க வேண்டிய தேவை அண்மையில் எனக்கு ஏற்பட்டது.

சென்ற தவணை விடுமுறையில் எனது பழைய மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் தாயின் மகள். உயர்தரத்தில் சித்தியெய்தித் தீவின் வேறொரு பகுதியிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தெரிவானவள். பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறைக்கு லயத்துக்கு வந்திருந்தாள். விரிவுரைகளின் ஒளிப்பதிவுகளை இறக்கிக்கொள்ள அங்கே வழியில்லை. கோயிலடி மேட்டில் ஏறி நின்றால்தான் அலைவரிசை அகப்படும். அகப்பட்டாலும் டேட்டாவுக்குப் பணம் வேண்டும். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன், கடை மூடிய பிறகு முதலாளியின் அனுமதியோடு அங்குள்ள இணைய இணைப்பைப் பயன்படுத்தி, தங்கையின் கணக்கினுள் நுழைந்து, ஒளிப்பதிவுகளை இறக்கிச் சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவந்தான். ஓரிரவு அவள் பசறையிலிருந்தும் அவன் கொழும்பிலிருந்தும் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டார்கள். கணினி அதனைக் களவென்று கண்டது, கணக்கு பூட்டப்பட்டது. பூட்டியதற்கான காரணத்தை அறிவிக்கும் மின்னஞ்சலும் பூட்டப்பட்ட அதே கணக்குக்கே போய்ச் சேர்ந்தது!

நான்கு நாட்களின் பின்னரே தொலைபேசியில் ஓர் உத்தியோகத்தரைப் பிடித்து விடயத்தை அறிந்துகொண்டாள். "கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்தது குற்றம், நீர் ஒப்பமிட்ட கொள்கையை எடுத்து வாசியும்" என்பதே கிடைத்த விடை. அதற்கிடையில் ஒப்படை ஒன்றுக்குரிய நாள் கடந்துவிட்டது.

"நான் ஒண்ணும் களவெடுக்கல சேர். அண்ணன்கிட்டதானே குடுத்தேன்" என்றாள்.

அவள் நீட்டிய பிரதி இருபத்திரண்டு பக்கம். முழுவதும் ஆங்கிலம். முதலாம் ஆண்டின் முதலாம் வாரத்தில், வேறு பத்துக் காகிதங்களோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டு, வரிசையில் நின்றபடியே ஒப்பமிடப்பட்டது. நான் அதனை இரண்டு இரவுகள் இருந்து வாசித்தேன். பின்னர் உள்நாட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட அத்தகைய கொள்கைகள் ஐந்தாறினைத் தேடி வாசித்தேன். ஒன்றை வாசித்தவர் மற்றவற்றை ஊகித்துவிடலாம். சொற்கள்கூடப் பெரிதும் மாறுவதில்லை.

நூலின் முகப்பிலே பாயிரம் இருத்தல் வேண்டும் என்பதும், அதனை இயற்றியவர் யார், கேட்டற்குரியார் யார், பெறும் பயன் யாது என்பனவற்றை அப்பாயிரம் உரைத்தல் வேண்டும் என்பதும் நன்னூலார் வகுத்த மரபு. பல்கலைக்கழகத்தில் அச்சூத்திரத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்த காலத்தில், பாயிரத்தால் இக்காலத்துக்கு என்ன பயன் என்று நாங்கள் கேலி பேசியதுண்டு. இக்கொள்கைகளை வாசித்தபோதே அதன் அருமை புலப்பட்டது. இயற்றியவர் பெயர் இவற்றில் இல்லை. ஒரு குழுவின் பெயரே உண்டு. பயன், பல்கலைக்கழகத்தின் வளங்களையும் நற்பெயரையும் காத்தல் என்று கூறப்படுகிறது. கேட்போர்? 'பயனர்' என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. எந்த ஊரவர், எம்மொழியினர், என்ன கருவி வைத்திருப்பவர் என்று அச்சொல் சொல்லுவதில்லை. சொல்லாமற் சொல்லுவது மட்டும் நிறைய உண்டு. ஒவ்வொரு விதியும் தனக்கு வேண்டிய பயனரைத் தானே கற்பித்துக்கொள்ளுகிறது. கருவியைப் பிறர் தொடாதவாறு வைக்கவேண்டும் என்னும் விதி தனியறையுள்ள ஒருவரைக் கற்பிக்கிறது. இரண்டாம் அடையாளக் குறியீடு உமது கைத்தொலைபேசிக்கு வரும் என்னும் விதி, தனக்கெனத் தொலைபேசியுள்ள ஒருவரைக் கற்பிக்கிறது. ஐயமிருப்பின் கொள்கையை மீண்டும் வாசிக்குமாறு கூறும் விதி, சட்ட ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கற்பிக்கிறது. இவற்றையெல்லாம் ஒன்றுகூட்டினால் நகரத்து நடுத்தர வர்க்கத்து இளைஞன் ஒருவனின் உருவம் தெளிவாகத் தோன்றும். எங்கள் மாணவி அந்த உருவத்துள் அடங்கவில்லை.

இனி இப்பிரதியின் இலக்கணத்தைப் பார்ப்போம். மாணவருக்குரிய வாக்கியங்களில் எழுவாய் ஐயமின்றி நிற்கிறது: பயனர் பொறுப்பாவார், பயனர் பகிரலாகாது, பயனர் தண்டிக்கப்படுவார். பல்கலைக்கழகத்துக்குரிய வாக்கியங்களுக்கு வந்ததும் எழுவாய் மறைந்து செயப்பாட்டுவினை புகுந்துவிடுகிறது: நியாயமான முயற்சிகள் மேற்கொள்ளப்படும், தரவுகள் தேவையானபோது பரிசீலிக்கப்படும். யார் மேற்கொள்வார், யாருக்குத் தேவையானபோது, பரிசீலித்தவரை யார் பரிசீலிப்பார் என்பன வினவப்படுவதில்லை. ஓர் இடத்தில் மாத்திரம் பல்கலைக்கழகம் எழுவாயாகத் துணிந்து முன்வருகிறது: கண்காணிக்கும் உரிமையைத் தன்னகத்தே வைத்துக்கொள்ளும் இடத்தில்.

இது கணினியோடு வந்த புதுமையென்று மலையகத்தவர் எவரும் எண்ணமாட்டார். எம் மக்களின் வரலாற்றையே அடையாளச் சீட்டுக்களின் வரலாறாக எழுதிவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் குறியும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத் துண்டைக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டே எம் மூதாதையர் இக்கரைக்கு வந்தனர். அதற்கு முன்னரே 'துண்டு' முறை வேரூன்றிவிட்டிருந்தது: கடனைத் தீர்த்தால் இன்னின்னாரை விடுவிப்பேன் என்று எழுதிய அத்துண்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற இயலாது. 1921இலேயே அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவராக்கியது. மறு ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரசாவுரிமை கோரி 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு விண்ணப்பித்தபோது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே அது கிட்டியது. தொடர்ந்து வசித்தமைக்கு எழுத்திலே சான்று காட்டவேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் சான்றுகளோ தோட்டத்துரையின் அலுமாரியிலும் கணக்கப்பிள்ளையின் செக்ரோலிலும் இருந்தன. தன்னைப் பற்றிய தரவு தன் கையில் இல்லாதவன் என்ன ஆவான் என்பதற்கு எமக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இன்றும் பல தோட்டங்களில் லயத்து அறைக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாரோ ஒருவர் வழியாக வீட்டுக்கு வரும், அல்லது வராது. நேர்முகப் பரீட்சைக்குரிய கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதையைக் கேளாத ஆசிரியர் எவரும் ஊவாவில் இரார். பிரிக்கப்பட்ட உறையோடு கடிதத்தை வாங்கிப் பழகிய பெற்றோரின் பிள்ளைக்கு, 'அந்தரங்கம் பேணுக' என்று இருபத்திரண்டு பக்கத்தில் உபதேசம் செய்யப்படுகிறது!

தொற்றுநோய்க் காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 2021இல் லுணுகலைப் பக்கத்துக் காட்டு மலையுச்சியில், நிலத்திலிருந்து முப்பது அடி உயரத்தில் அமைந்த மரவீடொன்றில் ஏறியிருந்து பிள்ளைகள் இணையவழிப் பாடம் கற்றதை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்து உலகுக்குக் காட்டின. இலங்கையிலுள்ள 43 இலட்சம் மாணவருள் நூற்றுக்கு நாற்பது பேரளவிலேயே இணையவழிக் கல்வியிற் பங்குகொள்ள முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தார் அப்போது கூறினர். அம்மரவீட்டில் ஒரு தொலைபேசியைச் சுற்றி இரண்டு மூன்று பிள்ளைகள் குந்தியிருந்தால் அது பகிர்வா, குற்றமா? குடிமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் கணினி அறிவுக் கணக்கெடுப்பில் நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்றனுள் தோட்டம் எப்போதும் கடைசியிலேயே நிற்பது. பகிர்ந்தே வாழவேண்டிய வறுமையில் உள்ளவர்களுக்குப் பகிராமை சட்டமாகிறது. கடைப்பிடிக்க இயலாத விதி ஒழுக்கத்தை வளர்ப்பதில்லை. எல்லோரையும் சிறு குற்றவாளிகளாக்கி, வேண்டியபோது வேண்டியவரைப் பிடிப்பதற்கு வசதி செய்து வைக்கிறது.

கடவுச்சொல் பற்றிய விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலப் பெரிய எழுத்தொன்று, சிறிய எழுத்தொன்று, எண்ணொன்று, குறியொன்று வேண்டும். தொண்ணூறு நாட்களுக்கொருமுறை மாற்றவும் வேண்டும் என்பது நான் கண்ட கொள்கைகள் பலவற்றில் உள்ள கட்டளை. தமிழெழுத்திலே பெரியது சிறியது இல்லை. தமிழ் வழி கற்ற மாணவி தனக்கு அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டமொன்றை உண்டாக்கி, மறந்துவிடுவேனோ என்று அஞ்சிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைக்கிறாள். இவ்விதிகள் விஞ்ஞானபூர்வமானவை என்று நினைத்து மதித்திருந்தேன். ஆனால் அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, காரணமின்றிக் காலத்துக்குக் காலம் மாற்றச் சொல்லவேண்டாம் என்றும், இவ்வாறான எழுத்துக் கலப்பு விதிகளைத் திணிக்கவேண்டாம் என்றும், உலக மொழிகளின் எழுத்துக்களையும் கடவுச்சொல்லில் ஏற்றல் நன்று என்றும் தெளிவாகக் கூறுகிறது. நீளமே வலிமை தருவது என்பது அதன் கருத்து. நான்கு தமிழ்ச் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரு பிள்ளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதனை ஏற்கும் கணினியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்!

பெயரும் அவ்வாறே. எங்கள் பிள்ளைகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பாடசாலை இடாப்பில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். பதிவாளருக்குத் தமிழ் தெரியாமை பிள்ளையின் விதியாகிவிடுகிறது. கணினிக்கு ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார். தோட்டத்திலே 'பேர்' என்பதற்கு ஒரு நாள் வேலை என்றே பொருள். நிர்ணயித்த நிறை கொழுந்து பறித்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். பதுளைத் தோட்டமொன்றின் பெயரையே தன் பெயரின் முன் சூடிக்கொண்டு, 2022இல் மறையும் வரை தெளிவத்தை ஜோசப்பாகவே வாழ்ந்த எழுத்தாளர் எமக்குண்டு. பயனர் பெயர் என்பதை எவ்வாறு தெரிவு செய்வது என்பதற்கு அவரினும் சிறந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

கணினித்துறையிற் பணியாற்றும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சினந்தார். "ஆபத்து கற்பனையல்ல, ஒரு மாணவரின் கவனக்குறைவால் முழுப் பல்கலைக்கழகமும் முடங்கலாம்" என்றார். ஆபத்து உண்மையே, அதனை மறுப்பதற்கில்லை. 1988 நவம்பரில் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் அவிழ்த்துவிட்ட 'புழு' அக்காலத்து இணையத்திற் பெரும்பங்கை முடக்கியது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் தன் தரவுகள் பணயம் பிடிக்கப்பட்டமையால் ஏறத்தாழ 2 இலட்சம் யூரோவை மர்ம மனிதருக்குக் கப்பமாகச் செலுத்தியது. இங்கும் 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினி தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கமுடியாதவாறு அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் அதற்குத் தப்பவில்லை.

ஆனால் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று நண்பரைக் கேட்டேன். மாஸ்ட்ரிக்டில் தீங்கான மின்னஞ்சலொன்று திறக்கப்பட்டது உண்மை. அதனாலேயே தீ பரவிவிடவில்லை. பழுதுபார்க்கப்படாத பழைய சேவைக் கணினிகள் இருந்தமையாலேயே பரவிற்று. எங்கள் அரசாங்க மேகத்தில் காலங்கடந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பிரதியெடுத்து வேறிடத்தில் வைக்கும் ஒழுங்கும் இருக்கவில்லை. இவை நிருவாகத்தின் கடமைகள், செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொண்ட கடமைகள். லயத்துப் பெண்ணின் கடவுச்சொல்லுக்கு இருபத்திரண்டு பக்கம் எழுதியவர்கள், தம் இயந்திரங்களைப் புதுப்பிக்கும் நாளைக் குறிக்க ஒரு வரியும் எழுதுவதில்லை. மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு காரியம் மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நடந்ததை மறைக்காமல், இரண்டு மாதங்களுள் பகிரங்கக் கூட்டம் கூட்டி, எங்கே தவறினோம் என்று உலகறியச் சொன்னார்கள். அவ்வாறு சொல்லும் கடமையை முன்கூட்டியே தனக்கு விதித்துக்கொண்ட கொள்கை ஒன்றையும் நான் வாசித்த ஐந்தாறனுள் காணவில்லை.

விதிகளைப் பிரயோகிப்பதிலும் ஒரு நியாயம் வேண்டும். மொறிஸ் 1990இல் சிறை செல்லாமல் நன்னடத்தைப் பிணையும் சமூக சேவையும் அபராதமும் பெற்றார். பின்னர் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பேராசிரியரும் ஆனார். அதே நிறுவகத்தின் திறந்த வலையமைப்பினூடே இலட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை இறக்கிய ஏரன் சுவாற்ஸ் 2011 ஜனவரியில் கைதானார். மொறிஸைத் தண்டித்த அதே சட்டத்தின்கீழும் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அறிவு எல்லோருக்கும் பொது என்ற கொள்கையுடைய அவர், வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே 2013 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 26. நிறுவகம் தான் நடுநிலை வகித்ததாகக் கூறிக்கொண்டது. பலமுள்ள அரசுக்கும் தனியொரு இளைஞனுக்கும் நடுவே நடுநிலை என்றால் என்ன என்று அந்த நிறுவகத்தின் ஆசிரியர் மாணவர் பலரே பின்னர் வினவினர்.

எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்வையிடவும், பிழையைத் திருத்துவிக்கவும் ஒருவருக்குள்ள உரிமையை அச்சட்டம் ஏற்கிறது. அரச நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முதன்மைப் பிரிவுகள் பிற்போடப்பட்டன. மாணவருக்குரிய தண்டனைகள் முதல் வாரத்திலிருந்தே நடைமுறைக்கு வந்துவிடுகின்றன. அவருக்குரிய உரிமைகளோ பிற்போடப்படுகின்றன. மொழி பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. விரிவுரை ஆங்கிலத்தில் நடப்பதற்கு நியாயம் கூறலாம். தண்டனையின் காரணம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதற்கு என்ன நியாயம்?

பதுளை நகரத்தருகே பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று ஒரு பட்டப்படிப்பே அங்குண்டு. கணினி விஞ்ஞானமும் உண்டு. சுற்றியுள்ள மலைகளில் அந்தத் தேயிலையைப் பறிப்பவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அங்கும் வேறெங்கும் இனி எழுதப்படும் கொள்கைகளுக்கு அவர்கள் 'கேட்போர்' ஆகவேண்டும் என்பதே நான் கேட்பது. குடும்பத்தவர் ஒருவர் உதவிக்காக நுழைவதற்குரிய தனி வழி, தொலைபேசி இல்லாதார்க்கு வேறொரு அடையாள முறை, கணக்கைப் பூட்டுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு: இவை பெரும் செலவு பிடிக்கும் காரியங்களல்ல. அண்ணன் ஒளிப்பதிவுகளை மட்டும் இறக்கத்தக்க அனுமதி இருந்திருப்பின், அவள் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கவே மாட்டாள், பாதுகாப்பும் கூடியிருக்கும்.

அவளுடைய கணக்கு பதினொரு நாட்களின் பின் திறக்கப்பட்டது. ஒப்படைக்குரிய புள்ளியிற் பாதியைக் குறைத்துக்கொண்டார்கள். அரைப்பேர்!

இப்போது சனிக்கிழமைகளில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் அவளுமாகச் சேர்ந்து அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் தமிழாக்கி வருகிறோம். ஒன்பதாம் பக்கத்துக்கு வந்திருக்கிறோம். பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டிருக்கும் அந்த ஓர் உரிமைக்குத் தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது. 'கண்காணித்தல்' என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன், "அப்ப கங்காணி வேலைதானா சேர்?" என்றான். இரண்டும் ஒரே சொல்தான் என்று இலக்கணம் விளக்கத் தொடங்கினேன். வகுப்பு சிரித்துக்கொண்டிருந்தது; அவள் மட்டும் சிரிக்காமல் அச்சொல்லைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.